ராமநாதபுரத்தில் ஒரு திருமணத் தகவல் மையம்: பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

பெயரைச் சொல்லாமல்தான் எழுதுகிறேன். ராமநாதபுரம் டவுனில் ஒரு மாடியறையில் நடக்கிற திருமணத் தகவல் மையம். பதிவுக் கட்டணம் 2,000 ரூபாய், ஒரு வருடத்துக்குச் செல்லும். வரன் முடிந்தால் இரண்டு வீட்டாரும் தனியாகப் 'பார்த்துச் செய்ய' வேண்டும். அது எவ்வளவு என்று எந்தத் தாளிலும் எழுதித் தர மாட்டார்கள். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த அரை, அங்கே பதிவேடு பார்க்கும் அக்காவுக்காக.

எனக்கு வயது 34. மண்டபத்தில் கடல்பாசிக் கொட்டகை வைத்திருக்கிறேன். வடகடல் பக்கம் மூங்கில் மிதவை கட்டி வளர்க்கிற 'பெப்சி பாசி' 45 நாளில் அறுவடைக்கு வரும். பெண்கள் காயவைத்துக் கொண்டுவருவார்கள், நான் எடை போட்டு வாங்கிக் கம்பெனிக்கு அனுப்புவேன். தென்கடலில் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியும் வரும், கட்டக்கோரைப் பாசியும் வரும். சரக்கு ஏற்றுகிற குட்டியானை வண்டியை நானே ஓட்டுவேன். வண்டிக் கடனும் முடிந்துவிட்டது. கல்யாணம் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆள் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 'வயசாகுதுல்ல' என்று ஊரே கவலைப்படுவதால் அந்தக் கவலையை நானும் சேர்ந்து படுவதில்லை.

பதிவுத் தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்த மையத்தின் குணம் முழுக்க அதில்தான் இருக்கிறது. உயரம், நிறம், ராசி, நட்சத்திரம், செவ்வாய் தோஷம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். 'எதிர்பார்ப்பு' என்பதற்கு மட்டும் ஒரே ஒரு கோடு. நான் எழுதியது அந்தக் கோட்டில் அடங்காமல் தாளின் பின்பக்கம் போனது. தொழிலை விடச் சொல்லக் கூடாது, தினமும் குடிப்பவர் வேண்டாம், என் வருமானக் கணக்கை அவர் அம்மாவிடம் ஒப்பிக்கச் சொல்லக் கூடாது, இப்படி. 'சமையல் தெரியுமா' என்று பெண்ணின் தாளில் இருக்கிறது. ஆணின் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், அதில் இல்லை. பவுன் எத்தனை என்று நேராகக் கேட்கவில்லை, 'பெண் வீட்டார் விருப்பம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். அதற்குப் பிறகு கட்டத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது போல. நான் அதில் 'விருப்பம் இல்லை' என்று எழுதினேன்.

இரண்டு நாளில் என் விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். தொழில் என்ற இடத்தில் 'வீட்டில் இருக்கிறார்'. போட்டோவில் நிறத்தை இரண்டு படி ஏற்றியிருந்தார்கள். அதை வைத்துத் தேடினால் என் சித்தியே என்னைக் கண்டுபிடிக்க மாட்டார். போன் போட்டுக் கேட்டேன். "தொழில்னு போட்டா பையன் வீட்டுல யோசிப்பாங்கம்மா. பார்க்க வந்தப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்" என்றார் உரிமையாளர். யோசிக்கிற வீடு முதலிலேயே யோசித்து விலகட்டும் என்றுதானே நான் பணம் கட்டியிருக்கிறேன்?

இதன் பலனை ஒரு சிங்கப்பூர் மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று பார்த்தோம். வந்தவர்கள் நல்ல மாதிரிதான். பலகாரம் சாப்பிட்டார்கள், பத்துப் பொருத்தத்தில் ரஜ்ஜு தட்டவில்லை என்று சந்தோஷப்பட்டார்கள். கொல்லையில் காயப்போட்டிருந்த பாசியின் வாடை காற்றில் வந்ததும் பையனின் அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "இது யாருடையது?" என்றார். என்னுடையது என்றேன். "கல்யாணத்துக்கு அப்புறம் யார் பார்த்துக்குவா?" நான்தான் என்றேன். அவர் மகனைப் பார்த்தார், மகன் தரையைப் பார்த்தார். "அம்மா சொல்றதுதான்" என்று அவர் சொன்னபோது அம்மா இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. 'வீட்டில் இருக்கும் பெண்'ணைப் பார்க்க வந்தவர்கள் அவர்கள்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் முன்பின் தெரியாதவர்கள் கூப்பிடுவது தனிக்கதை. நான் கொடுத்த வயது வரம்பைத் தாண்டியவர்களுக்கும் என் நம்பர் போயிருந்தது. ஒருவர் எடுத்த எடுப்பில் "தனியாவா இருக்கீங்க?" என்றார். இவர்களுக்கு இணையதளமும் இருக்கிறது. திருமண இணையதளங்கள் பதிவு செய்பவரின் அடையாளச் சான்றை வாங்க வேண்டும் என்று மத்திய அரசு 2016இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. பையன்களிடம் ஆதார் வாங்கினீர்களா என்று கேட்டேன். "கேட்டா கோவிச்சுக்குவாங்க" என்று பதில். என்னிடம் மட்டும் நகல் வாங்கியிருந்தார்கள். இதுவும் காசு கொடுத்து வாங்குகிற சேவைதான், 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடட்டுமா என்றதும் அன்று சாயங்காலமே இணையத்திலிருந்து என் நம்பரை எடுத்துவிட்டார்கள். பெண்கள் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த அக்காவுக்கு வருகிறேன். ஒரு மத்தியானம், உரிமையாளர் சாப்பிடப் போயிருந்த நேரம். எனக்கு வந்த வரன்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றனவே என்றேன். அவர் எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு பச்சை ஃபைலை எடுத்து வந்தார். மறுமணம், கொஞ்சம் வயது கூடியவர்கள், ஜாதகம் பார்க்காதவர்கள், இவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். "உங்களுக்கு ஏன் இதை அனுப்பலைன்னா, முதல் கல்யாணப் பொண்ணுக்கு இதைக் காட்டினா மரியாதை இல்லன்னு சார் சொல்வாரு" என்றார். எனக்கு எது மரியாதை என்பதை அந்த சாரே முடிவு செய்துவிட்டார். நான் உட்கார்ந்து முழு ஃபைலையும் புரட்டினேன். எதிர்பார்ப்பு என்ற கோட்டில் 'நிறம், குடும்பப் பாங்கு' என்பதைத் தவிர வேறு ஏதாவது எழுதியிருந்த ஆண்கள் அந்த ஃபைலில்தான் இருந்தார்கள்.

அதிலிருந்து எடுத்த ஒருவரை அரியமான் கடற்கரையில் சந்தித்தேன், தம்பியும் கூட வந்தான். தொண்டிப் பக்கம் நண்டு கம்பெனியில் சூப்பர்வைசர், மனைவி இறந்து சில வருடங்கள் ஆகிறது. உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஈரப் பாசி கொண்டுவந்தா எடையில எவ்வளவு கழிப்பீங்க?" கையில் அள்ளி நெரித்துப் பார்த்துத்தான் கழிப்பேன், உப்பு உதிர்ந்தால் காய்ந்தது, விரலில் ஒட்டினால் ஈரம் என்றேன். நண்டில் தண்ணீர் எடையை எப்படிப் பிடிப்பார்கள் என்று அவர் சொன்னார். ஜாதகம் பேச்சிலேயே வரவில்லை. ஆனால் அவர் தொண்டியை விட்டு வர முடியாது, வயதான அப்பா இருக்கிறார். நான் மண்டபத்தை விட்டுப் போக மாட்டேன். அதை இரண்டு பேரும் அங்கேயே சொல்லிக்கொண்டோம். டீ காசை அவர் கொடுத்தார், பஜ்ஜிக் காசை நான் கொடுத்தேன்.

போவதாக இருந்தால் மத்தியானம் போங்கள், பச்சை ஃபைலைக் கேளுங்கள். உங்கள் விவரத்தாள் வெளியே போகும் முன் ஒருமுறை படித்துக் கையெழுத்துப் போட்டு, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் ஜாதகத்தைக் கொடுக்காதீர்கள், திரும்பி வராது. உங்கள் நம்பருக்குப் பதில் அண்ணன் நம்பரைக் கொடுக்கச் சொல்வார்கள். வேண்டாம், யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று உங்களுக்கே தெரிய வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் எடுக்காமல் இருந்தால் போதும்.

என் பதிவு அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லி உரிமையாளர் கூப்பிட்டிருந்தார். தொழில் என்ற இடத்தில் 'பாசி வியாபாரம், சொந்தக் கொட்டகை' என்று அச்சில் வரட்டும், பழைய போட்டோவை எடுத்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் நான் நிற்கிற போட்டோவைப் போடட்டும், பிறகு பணம் கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.