ஆர்.ஓ.வா, கேனா, காயின் மெஷினா: பெங்களூர் வாடகை வீட்டின் குடிதண்ணீர்க் கணக்கு

எஜிபுராவிலிருந்து லிங்கராஜபுரத்துக்கு வீடு மாறும்போது, பழைய ஆர்.ஓ. தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினைக் கழற்றிப் புது வீட்டில் மாட்ட எவ்வளவு ஆகும் என்று சர்வீஸ்காரரிடம் கேட்டேன். கழற்ற ஒரு தொகை, மாட்ட ஒரு தொகை, "எப்படியும் மெம்பரேன் மாத்தணும் மேடம், அதையும் சேர்த்துக்குங்க" என்று உள்ளே உப்பை வடிக்கிற சவ்வுக்கு மூன்றாவதாக ஒன்று. புது ஹவுஸ் ஓனரோ சமையலறை டைல்ஸில் ட்ரில் போடக் கூடாது என்று அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிட்டார். சரி, நாலு பேர் இருக்கிற வீட்டுக்குக் குடிதண்ணீர் எந்த வழியில் வந்தால் கட்டுப்படியாகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆர்.ஓ. நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டது. நாங்கள், காசு போட்டால் சுத்திகரித்த தண்ணீர் தரும் தெருமுனை காயின் மெஷினுக்கு மாறிவிட்டோம். கடைக்காரர் கொண்டுவரும் 20 லிட்டர் கேன் அவசரத்துக்கு மட்டும்.

முதலில் வீட்டுக் குழாயில் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். காவிரித் தண்ணீர் பெங்களூருக்கு வரத் தொடங்கியது 1974இல். சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, தொரேகாடனஹள்ளியிலிருந்து மேட்டுக்குப் பம்ப் செய்து அனுப்புகிறார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத்தைத் திறந்தபோது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வரும், நகரத்தோடு சேர்த்த 110 கிராமங்களுக்கும் கிடைக்கும் என்றார்கள். காவிரித் தண்ணீர் உப்பு குறைந்த மென்மையான தண்ணீர். அதில் துவரம்பருப்பு சட்டென்று வேகும், காபி டிகாஷன் நன்றாக இறங்கும். பிரச்சினை காவிரியில் இல்லை, வீட்டின் தரைக்கடித் தொட்டியான சம்ப்பில். எங்கள் ஓனர், தெருவில் நிறைய ஓனர்களைப் போல, காவிரி வராத நாளில் போர்வெல் மோட்டாரைப் போட்டு அதே சம்ப்பில் விடுகிறார். குழாயைத் திறந்தால் எந்தத் தண்ணீர் எத்தனை பங்கு என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும் உப்புப் படிவைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடிப்பேன்.

அதனால் தனிக் காவிரி மட்டும் வரும் வீட்டுக்காரர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை. குடிதண்ணீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500இன்படி, கரைந்த உப்புகள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை போகலாம். காவிரி அந்த 500க்கு நன்றாகவே கீழே இருக்கும். 500க்குக் குறைவான தண்ணீருக்கு ஆர்.ஓ.வே கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இலேயே சொன்னது. அப்படிப்பட்ட வீட்டுக்குக் கிருமியை ஒளியால் கொல்லும் யூ.வி. ஃபில்டர் போதும், அல்லது காய்ச்சிக் குடித்தால் போதும்.

கேன் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போன் செய்தால் வாசலில் வந்து இறங்கும். எங்கள் தெருவில் லோக்கல் கேன் 50 ரூபாய், பெரிய பிராண்டு அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. டெபாசிட் தனி. 2024 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அடைத்து விற்கும் குடிநீரை அதிக ரிஸ்க் உள்ள உணவு வகையில் சேர்த்துவிட்டது. கம்பெனிகளுக்கு வருடா வருடம் சோதனை, ஆடிட் எல்லாம் வந்தது நல்லதுதான். ஆனால் லோக்கல் கேனின் மூடியில் சில நாள் சீல் இருக்கிறது, சில நாள் வெறும் பிளாஸ்டிக் தாள் சுற்றியிருக்கிறது. கேட்டால் "பக்கத்து பிளான்ட் அக்கா, நல்ல தண்ணிதான்" என்பான் பையன். அந்தப் பக்கத்து பிளான்ட் எங்கே என்று போய்ப் பார்த்தவர் யாரும் எங்கள் தெருவில் இல்லை.

இனி ஆர்.ஓ.வுக்கு வருவோம். வாங்குகிற விலையைப் பார்த்து யாரும் அதை எடைபோடக் கூடாது. பதினாறாயிரம் ரூபாய் மெஷின் ஏழு வருடம் உழைத்தால் மாதம் இருநூறு ரூபாய்கூட ஆகாது. காசு போவது பராமரிப்பில். எங்களுக்கு வருட கான்ட்ராக்ட் ஐயாயிரத்தைத் தொட்டது. அதில் மெம்பரேன் சேர்த்தியா இல்லையா என்பதை ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் தேட வேண்டும். பார்ட்ஸ் உள்ள கான்ட்ராக்ட், பார்ட்ஸ் இல்லாத கான்ட்ராக்ட் என்று இரண்டு வகை. பார்ட்ஸ் இல்லாததை மலிவு என்று எடுத்தவர்கள் பம்ப் போகும் அன்று அழுவார்கள்.

உள்ளே இருப்பவை இவைதான்: பஞ்சு போன்ற செடிமெண்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், மெம்பரேன், யூ.வி. விளக்கு, தண்ணீரைத் தள்ளும் சின்ன பம்ப், டேங்க் நிறைந்ததும் நிறுத்துகிற மிதவை. இவை ஒவ்வொன்றும் தேயும் வேகம், உள்ளே விடும் தண்ணீரைப் பொறுத்தது. காவிரி மட்டும் ஓடினால் மெம்பரேன் வருடக்கணக்கில் தாங்கும். கோடையில் காவிரி முறை தள்ளிப்போய், சம்ப்பில் போர் தண்ணீரின் பங்கு ஏறும். அப்போதுதான் மெம்பரேன் அடைக்கும். ஊர் முழுவதும் அதே நேரத்தில் அடைப்பதால் சர்வீஸ்காரருக்கும் அப்போதுதான் நேரம் இருக்காது. 'நாளைக்கு வரேன்' என்பது ஒரு வாரம் நீளும். அந்த வாரம் முழுவதும் கேன்தான். ஆக, ஆர்.ஓ. வைத்திருப்பவரும் கோடையில் கேனுக்குக் காசு கொடுப்பார். இதை எந்த விலைப் பட்டியலிலும் போட மாட்டார்கள்.

அப்புறம், மெம்பரேன் உண்மையிலேயே போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தண்ணீரில் உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனா ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குழாய்த் தண்ணீரில் 600, ஆர்.ஓ. தண்ணீரில் 50 என்றிருந்தது, சில மாதத்தில் 50 மெல்ல ஏறி 200 ஆனால் மெம்பரேன் முடிந்தது என்று அர்த்தம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிறைய மெஷின்களில் டி.டி.எஸ். அட்ஜஸ்டர் என்று ஒரு குட்டித் திருகு உண்டு. ருசிக்காகக் கொஞ்சம் குழாய்த் தண்ணீரை மெம்பரேன் வழியே போகாமல் நேராகக் கலந்துவிடும். வருகிற மெக்கானிக் மெம்பரேனை மாற்றாமலே அந்தத் திருகை இறுக்கினால் போதும், மீட்டரில் எண் இறங்கிவிடும். "பாருங்க மேடம், சரியாயிடுச்சு." பழைய மெம்பரேனைக் கையில் வாங்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு வித்தை, விற்பனைக்கு வருபவர்கள் காட்டுவது. இரண்டு டம்ளர், ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். இரும்புக் கம்பிகள் உள்ள கருவியை விட்டு சுவிட்சைத் தட்டுவார்கள். குழாய்த் தண்ணீர் சேற்று நிறத்தில் திரளும், மற்றது அப்படியே இருக்கும். திரண்டது உங்கள் தண்ணீரின் அழுக்கு இல்லை, அந்தக் கம்பியின் இரும்பு. உப்பு இருந்தால் மின்சாரம் கடக்கும், கம்பி கரையும். உப்பு குறைந்தால் கடக்காது. அவ்வளவுதான். மாமியார் அதைப் பார்த்து இரண்டு நாள் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்கக்கூட யோசித்தார்.

கழிவுத் தண்ணீர் பற்றி எல்லோருக்கும் தெரியும்: ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் வெளியே போகும். நாங்கள் பக்கெட்டில் பிடித்து வீடு துடைக்கப் பயன்படுத்தினோம். மீட்டரில் ஓடும் தண்ணீருக்கு 2025 ஏப்ரலில் நீர் வாரியம் கட்டணத்தை ஏற்றிய பிறகு அது இன்னும் உறுத்தும். காயின் மெஷினும் கழிவு விடத்தான் செய்கிறது, அது என் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே.

இப்போது கணக்கு. குடிக்க, சமைக்க எங்களுக்கு நாளுக்கு 15 லிட்டர், மாதம் 450 லிட்டர், கேன் கணக்கில் 23. லோக்கல் கேன் என்றால் 1,150 ரூபாய். ஆர்.ஓ.வுக்கு மெஷின் விலையும் கான்ட்ராக்ட்டும் சேர்த்து மாதம் 600 ரூபாய், கரண்ட் அதில் தூசு. காயின் மெஷினில் 20 லிட்டர் ஐந்து ரூபாயாக இருந்தது, எங்கள் பக்கம் இப்போது பத்து. மாதம் 230 ரூபாய். ஆனால் இந்த மூன்றையும் நேராக வரிசையில் நிறுத்துவது சரியில்லை. கேனும் காயினும் குடிக்கிற அளவுக்குக் காசு. ஆர்.ஓ. பள்ளிக்கூட வேன் மாதிரி, பிள்ளை போனாலும் போகாவிட்டாலும் மாதக் கட்டணம். நாத்தனார் வீட்டில் எட்டுப் பேர், நாளுக்கு 30 லிட்டர். அவர்களுக்கு அதே 600 ரூபாயில் 900 லிட்டர், லிட்டர் 67 பைசா. காயின் மெஷினின் 50 பைசாவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது, கேன் தூக்கும் வேலையும் இல்லை. அங்கே ஆர்.ஓ.தான் சரி. புருஷன் பெண்டாட்டி மட்டும் இருந்து, இருவரும் பகலில் ஆபீசில் தண்ணீர் குடிப்பவர்கள் என்றால், ஆர்.ஓ.வுக்கு ஆகும் காசில் கேனே வாங்கலாம். கான்ட்ராக்ட் தலைவலி மிச்சம்.

காயின் மெஷினில் எங்கள் நடைமுறை இது. காலையில் வீட்டுக்காரர் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் ஒரு கேன், மடியில் முட்டாமல் பின்னால் கட்டி இன்னொன்று. காசு போட்டால் தண்ணீர் வேகமாக விழும், மூடியைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். மெஷினுக்கு எந்தக் காசு பிடிக்கும் என்பது அதன் இஷ்டம்; தேய்ந்த காசைத் துப்பும். பெட்டிக்கடைக்காரர் காயின் மாற்றிக் கொடுப்பார், பதிலுக்கு அவரிடம் ஏதாவது வாங்கியாக வேண்டும். அந்த வரிசையில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் ஓடும். எந்தத் தெருவுக்கு வால்வ்மேன் எத்தனை மணிக்குத் தண்ணீர் திறந்தார், எந்த ஓனர் வாடகை ஏற்றினார் என்பது செய்தித்தாளுக்கு முன்னால் அங்கே தெரிந்துவிடும். வேலைக்குப் போகும் பெண்கள் ஏழு மணிக்குள், பெரியவர்கள் அப்புறம் என்று யாரும் எழுதாத ஒரு ஒழுங்கும் இருக்கிறது. யாரோ ஒருவர் பெரியவரின் கேனைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டுப் போவார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் போனால் மெஷின் நிற்கும். ரிப்பேர் ஆனால் யாரிடம் சொல்வது என்பது குழப்பம். பிபிஎம்பி என்ற ஒரே மாநகராட்சி போய் 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகள் ஆனதிலிருந்து, பலகையில் இருக்கும் பெயரும் போன் எடுக்கிறவரும் ஒத்துப்போவதில்லை. பெரும்பாலான மெஷின்கள் போர் தண்ணீரை நம்பியவை. 2024 மார்ச் தட்டுப்பாட்டில் எஜிபுரா பக்கம் சில மெஷின்கள் மூடிக்கிடந்தன, திறந்திருந்ததில் ஆளுக்கு ஒரு கேன்தான். கார் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று நீர் வாரியம் அறிவித்த மாதம் அது.

இன்னொன்று, உள்ளே ஃபில்டரை ஒழுங்காக மாற்றுகிறார்களா என்பது எனக்குத் தெரிய வழியில்லை. டி.டி.எஸ். பேனாவை அவ்வப்போது நனைத்துப் பார்க்கிறேன், எண் நிலையாக இருக்கிறது. அது உப்பை மட்டும்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. கிருமிக்கு, ஹைட்ரஜன் சல்பைடு பட்டை உள்ள சின்னப் பாட்டில் சோதனை உண்டு. தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கிருமி இருந்தால் கறுக்கும். சந்தேகம் இருப்பவர்கள் செய்து பாருங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எந்த வழித் தண்ணீரையும் காய்ச்சாமல் கொடுக்க வேண்டாம் என்பேன். கேனை வாரத்துக்கு ஒரு முறை நன்றாகக் கழுவி வெயிலில் கவிழ்க்கிறேன். பாதிப் பிரச்சினை மெஷினில் இல்லாமல் நம் கேனின் உள்சுவரில்தான் இருக்கும், கையை விட்டுத் தடவினால் வழவழப்பு தெரியும்.

இரண்டாம் மாடிக்கு மேலே, லிஃப்ட் இல்லாத வீட்டில், இடுப்புவலிக்காரர்கள் மட்டும் இருந்தால் நான் சொன்ன கணக்கெல்லாம் செல்லாது. இருபது கிலோவைத் தினம் படியேற்ற முடியாது. அவர்கள் ஆர்.ஓ. வாங்கலாம், ஆனால் பார்ட்ஸ் உள்ள கான்ட்ராக்ட்டோடு. மெம்பரேன் பக்கத்துக் கடையில் கிடைக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். அந்தந்தக் கம்பெனிக்கே உரிய மெம்பரேன் உள்ள மெஷின் என்றால் விலையும் அவன் சொன்னது, வருகிற நாளும் அவன் சொன்னது. வாடகை வீடு என்றால் சுவரில் மாட்டாமல் மேடைமேல் வைக்கிற மாடல் கிடைக்கிறதா என்று கேளுங்கள், ட்ரில் சண்டை மிச்சம். எங்களுக்கு முதல் மாடி, ஸ்கூட்டர் உண்டு, பையன் ஒரு கேனைத் தூக்கும் வயதுக்கு வந்துவிட்டான். அவன் காலேஜுக்கு வெளியூர் போனால் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும்.