ரீமாஸ்டர் தொகுப்போடு நாலு வருஷம்

முதல் நாள் கேட்டதும் அசந்துபோனேன், அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கேசட்டில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன எண்பதுகளின் ராஜா பாட்டுகள். மொத்தம் 42. '24 பிட் ரீமாஸ்டர்' என்று, அதாவது பழைய பதிவை எடுத்துப் புதுசாகச் சீர்செய்தது என்று, போட்டிருந்ததை நம்பிப் பணம் கட்டி இறக்கினேன். ஸ்பீக்கரில் விட்டதும் பேஸ் கிட்டார் வயிற்றில் வந்து இடித்தது. தபேலா முகத்துக்கு நேரே விழுந்தது. கேசட்டின் 'ஸ்ஸ்' இரைச்சல் சுத்தமாக இல்லை. அன்றைக்கு ராத்திரியே நாலு பேருக்குப் போன் போட்டு, "வாங்கிருங்கப்பா" என்று சொன்னேன்.

அதில் ரெண்டு பேர் வாங்கியும் விட்டார்கள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். வெளியிட்டவர்களின் பேர் வேண்டாம். இந்தப் பழக்கம் ஒருத்தரோடு நிற்கிற விஷயமில்லை.

என் வீடு மதுரை வில்லாபுரத்தில். பத்துக்குப் பன்னிரண்டு அறை, மேலே ஃபேன், தெருவில் எப்போதும் ஒரு டிவிஎஸ் 50. பழைய சோனோடைன் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, கெப்பாசிட்டர் மாற்றி வைத்திருக்கிறேன். ரெண்டு சின்ன ஸ்பீக்கர், ஒரு ஹெட்போன். ஆடியோ பைத்தியங்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் இந்த அறையிலேயே இவ்வளவு வித்தியாசம் தெரிகிறது என்றால் நல்ல அறை வைத்திருப்பவர்கள் பாடு எப்படியோ.

ரெண்டு மாசம் போனது. ஒரு விஷயம் மெதுவாகத்தான் புரிந்தது. அந்தத் தொகுப்பில் எந்த நாளும் நாலு பாட்டுக்கு மேல் போனதில்லை. மூணாவது பாட்டிலேயே கை ரிமோட்டுக்குப் போய்விடும். வயசாகிவிட்டது, காது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டு அளவுகோல் அடுக்களையில் இருக்கிறது. அங்கிருந்து, "என்னங்க, கொஞ்சம் கொறைச்சு வைங்களேன்" என்று ஒரு குரல் வரும். தொண்ணூறுகளில் வாங்கிய பழைய சிடியைப் போட்டால் அந்தக் குரல் வராது. நானும் அதே இடத்தில்தான் குமிழை வைக்கிறேன். சரி, குமிழ் அதே இடம்தான், சத்தம் வேறயோ என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது.

ஆடாசிட்டி என்று ஓசியில் கிடைக்கும், பாட்டின் சத்தத்தைப் படமாக வரைந்து காட்டும் மென்பொருளில் ஒரே பாட்டின் ரெண்டு வடிவத்தையும் மேலும் கீழுமாகப் போட்டேன். ஒத்தக்கடைப் பக்கம் நின்று யானைமலையைப் பார்த்திருப்பீர்கள்: தலை ஒரு பக்கம் உயரும், முதுகு நீளமாகப் போகும், தும்பிக்கை சரிந்து இறங்கும். பழைய சிடியின் படம் அப்படி இருந்தது. புதுசின் படம் காம்பவுண்டு சுவர். முதல் விநாடியில் எழுந்த உயரம் கடைசி விநாடி வரை அப்படியே. உச்சியில் வெட்டுப்பட்ட இடங்களைச் சிவப்புக் கோடாகக் காட்ட அதில் ஒரு வசதி உண்டு. அதைத் தட்டினேன். வெத்தலை போட்ட வாய் மாதிரி இருந்தது திரை.

ஃபூபார் என்ற இன்னொரு மென்பொருளில் அளந்தபோது டைனமிக் ரேஞ்ச் எண், அதாவது சராசரிச் சத்தத்துக்கும் உச்சத்துக்கும் உள்ள இடைவெளி, பழையதற்கு 13, புதுசுக்கு 6. சராசரிச் சத்தத்தில் புதுசு 8 டெசிபல் அதிகம். 10 டெசிபல் ஏறினால் காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும் என்பது பொதுவான கணக்கு. கிட்டத்தட்ட அங்கே வந்துவிட்டார்கள்.

இதைப் பார்த்ததும் எனக்கு டவுன்ஹால் ரோடுதான் ஞாபகம் வந்தது. பிளஸ் டூ முடித்த கையோடு அந்தப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் ரெண்டு வருஷம் இருந்தேன். ஆட்கள் பாட்டு லிஸ்ட்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். நாங்கள் எல்பி இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து, அட்டையில் பாட்டு வரியை எழுதிக் கொடுப்போம். பதிகிற டெக்கில் சத்தத்தின் அளவைக் காட்டும் ரெண்டு ஊசி ஆடும். சத்தம் உச்சிக்குப் போகும்போது ஊசி சிவப்பை லேசாகத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், அங்கேயே குடியிருக்கக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். அதற்காக ஒவ்வொரு பாட்டையும் முதலில் ஒருதரம் ஓட்டி, எங்கே உச்சம் வருகிறது என்று பார்த்துக்கொள்வோம். வாடிக்கையாளருக்கு இதெல்லாம் தெரியாது. ரெண்டு நாளில் திரும்பி வருவார்: "அண்ணே, சவுண்டு பத்தலண்ணே. பக்கத்துக் கடையில பதிஞ்சா கும்முன்னு இருக்கு." பக்கத்துக் கடைக்காரன் ஊசியைச் சிவப்பிலேயே படுக்க வைத்திருப்பான். மூணு மாசத்தில் எங்கள் முதலாளியும் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். அவருக்கும் கடை வாடகை இருக்கிறதே.

ஒன்று சொல்ல வேண்டும். கேசட் நாடா நல்ல மனசுக்காரர். அளவுக்கு மேல் சத்தம் ஏற்றினால் உச்சியைக் கொஞ்சம் மழுங்கலாக்கி வாங்கிக்கொள்ளும். டிஜிட்டலில் அந்தத் தாட்சண்யம் கிடையாது. மேலே ஒரு கூரை, அதற்குப் பேர் பூஜ்யம் டெசிபல். அதைத் தாண்டினால் வெட்டு. அதனால் இப்போது வேறு வழி. கம்ப்ரசர் என்பது உயர்ந்த சத்தத்தை அமுக்கும். அமுக்கிய பிறகு மிச்சமாகும் இடத்துக்கு மொத்தப் பாட்டையும் மேலே தூக்குவார்கள். கூரையில் முட்டாமல் இருக்க லிமிட்டர் என்று ஒரு காவல்காரன். அளவோடு செய்தால் இதெல்லாம் வேலைக்குத் தேவையான கருவிதான், கெட்ட வார்த்தை இல்லை. அளவு மீறினால் மெல்லிசும் பலமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். சிடி 1982-இல் வந்தபோது அதன் பெருமையே 16 பிட்டில் மெல்லிசுக்கும் பலத்துக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடம் என்பது. 24 பிட்டில் கணக்குக்கு 144 வரும். நான் காசு கொடுத்தது அந்த 24 பிட்டுக்கு. இத்தனை மாடி கட்டிவிட்டு, வீட்டில் உள்ள அத்தனை பேரையும் மொட்டை மாடியில் படுக்கச் சொன்னால் எப்படி?

ஒரு பாட்டை மட்டும் கிட்டப் போய்ச் சொல்கிறேன். தனிப் புல்லாங்குழலில் தொடங்கும். ஊதுகிறவர் மூச்சு இழுப்பது கேட்கும். பிறகு கண்ணிமைக்கும் நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் வயலின் கூட்டம் மொத்தமாக எழும். பழைய சிடியில் குழல் எங்கேயோ தள்ளி, வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும். வயலின் எழும்போது இன்றைக்கும் கை முடி நிற்கிறது. புதுசில் குழல் தொடக்கத்திலேயே மடியில் உட்கார்ந்திருக்கிறது. வயலின் எழ வேண்டிய இடத்தில் எழுவதற்கு உயரமே மிச்சமில்லை. ஆள் கூடியதால் குழல் சுருங்குகிறது, அவ்வளவுதான் நடக்கிறது. சரணத்தில் இன்னும் மோசம்: தபேலாவில் 'தொம்' விழும்போதெல்லாம் பின்னால் வயலின் ஒரு நூல் இறங்கி, மறுபடி ஏறுகிறது. ஹெட்போனில் ஒருதரம் கேட்டுவிட்டால் அப்புறம் கேட்காமல் இருக்க முடியாது. இதற்காகவே நான் சொல்லி வாங்கின ஒரு நண்பரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மூச்சு இழுப்பது இப்போது பலமாகக் கேட்கிறதே, அது தெளிவுதானே என்று கேட்பார்கள். மூச்சுச் சத்தமும் வயலின் கூட்டமும் ஒரே அளவில் கேட்பதைத் தெளிவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இது தமிழ்ப் பாட்டுக்கு வந்த வியாதி மட்டும் இல்லை. மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்' 2008-இல் வந்தபோது, அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் அமுக்கப்படாமல் நன்றாக இருப்பதை ரசிகர்களே கண்டுபிடித்துச் சண்டை போட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய சிடியை விட விளையாட்டுச் சாமான் மேல் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது.

சரி, நியாயமாக ஒப்பிடுவது எப்படி? ரெண்டையும் அப்படியே மாற்றி மாற்றிக் கேட்காதீர்கள். அதில் புதுசுதான் ஜெயிக்கும். சத்தம் துளி கூடினாலும் நம் காது அதை 'நல்லா இருக்கு' என்றுதான் படிக்கும். முதல் நாள் நான் ஏமாந்ததும் அங்கேதான். ஃபூபாரில் ரீப்ளேகெயின் என்று ஒன்று இருக்கிறது. அது ரெண்டு பாட்டின் சராசரிச் சத்தத்தையும் சமமாக்கிக் கொடுக்கும். அப்படிச் சமமாக்கி, எது எது என்று சொல்லாமல் அக்கா மகனுக்குப் போட்டுக் காட்டினேன். அவன் இருபது வயசுப் பையன், பழைய பாட்டின் மேல் எந்தப் பாசமும் கிடையாது. "மாமா, ரெண்டாவதுல அடி நல்லா விழுது" என்றான். ரெண்டாவது, பழைய சிடி.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு அமுக்கியதற்குப் பலனும் இப்போது இல்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குத் தோன்றும் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்குக் கொண்டுவந்து விடுகிறது. யூட்யூபும் சத்தம் கூடிய பாட்டைக் குறைத்துத்தான் ஓட்டுகிறது. கத்திப் பாடியவனை வாத்தியார் கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி. தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பழசு எல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. என்னிடம் உள்ள பழைய சிடி ஒன்றில் பாட்டு அரை ஸ்ருதி கூடி ஓடுகிறது, யாரோ வேகம் தப்பிய டெக்கிலிருந்து எடுத்திருக்க வேண்டும். ரீமாஸ்டரில் அது சரியாக இருக்கிறது. இரைச்சலும் போயிருக்கிறது. இந்த ரெண்டு வேலையையும் செய்துவிட்டு அங்கேயே நிறுத்தியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

ரீமாஸ்டர் பொருந்துகிற இடமும் உண்டு. உசிலம்பட்டி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கேட்டால் பழைய சிடியில் குழலே காதில் விழாது, புதுசில் எல்லாம் கேட்கும். காரில் அதைத்தான் வைத்திருக்கிறேன். போன ஆவணியில் அலங்காநல்லூரில் ஒரு காதுகுத்து. மைக்செட் பையன் பென்டிரைவ் கேட்டான். ஊருக்கே நல்ல பாட்டு கேட்கட்டும் என்று பழைய சிடியிலிருந்து எடுத்ததைக் கொடுத்தேன். ரெண்டு பாட்டு ஓடியது. பந்தலைத் தாண்டி வந்து நின்றான்: "அண்ணே, சவுண்டு பத்தலண்ணே. வேற இருக்கா?" முப்பது வருஷத்துக்குப் பிறகு அதே வாக்கியம். ஒன்றும் பேசாமல் ரீமாஸ்டரை எடுத்துக் கொடுத்துவிட்டேன். புனல் குழாய் ஸ்பீக்கரில் ரெண்டும் ஒன்றுதான்.

வாங்கலாமா என்று கேட்டால்: உங்களிடம் பூஞ்சை பிடித்த கேசட் மட்டும்தான் இருக்கிறது என்றால் வாங்குங்கள், நஷ்டமில்லை. பழைய சிடி கையில் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வாங்குவதற்கு முன் ஒரு பாட்டை மட்டும் இறக்கி ஆடாசிட்டியில் பாருங்கள். மலை தெரிந்தால் மிச்சத்தை வாங்கலாம்.

என் பழைய சிடியில் நாலாவது பாட்டில் ஒரு கீறல். ரெண்டாவது சரணத்தில் துள்ளி அடுத்த வரிக்குப் போய்விடும். பற்பசை வைத்துத் தேய்த்தும் பார்த்தேன், சரியாகவில்லை. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் ரீமாஸ்டரை 8 டெசிபல் இறக்கிவைத்துக் கேட்கிறேன். அடுக்களையிலிருந்து சத்தம் வருவதில்லை.