மூடும்போது ஒன்று, திறக்கும்போது ஒன்று: சைலேஜ் பாக்டீரியாக்களில் எதை எடுப்பது?

பசுந்தீவனத்தைக் குழியில் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்துச் சேமிப்பதுதான் சைலேஜ். அதற்குத் தூவும் பாக்டீரியா பாக்கெட்டுகளின் முன்பக்கத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. 'நன்றாகப் புளிக்கும், கெடாது' என்பதுதான் பெரும்பாலும் அங்கே இருக்கும். பின்பக்கம் திருப்பி, உள்ளே எந்த இனம் என்று படிக்க வேண்டும். இரண்டு கூட்டங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் வேலை வேறு.

முதல் கூட்டம் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம், பீடியோகாக்கஸ் வகையறா. ஒரு குளுக்கோஸை இரண்டு லாக்டிக் அமிலமாக உடைப்பவை. வாயுவாக எதுவும் வெளியேறாததால் தீவனத்தின் எடை அவ்வளவாகக் குறையாது. பிஎச் (புளிப்பின் அளவுகோல்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) சில நாட்களிலேயே சரசரவென்று இறங்கும். புரதம் சிதைவதும் மட்டுப்படும். குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனத்தில் சர்க்கரை குறைவு, அமிலம் ஏறவும் லேசில் விடாது. அங்கே இந்தக் கூட்டத்தை அடிக்க ஆளில்லை.

சிக்கல் குழியைத் திறந்த பிறகுதான். காற்று பட்டதும் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். அதற்கு லாக்டிக் அமிலமே இரை. அதைத் தின்னத் தின்ன சூடு ஏறும், பிஎச் ஏறும், பின்னாலேயே பூஞ்சணம் வரும். ஈஸ்டைத் தடுக்கும் அசிட்டிக் அமிலம் இந்தச் சைலேஜில் குறைவு. அதனால், எதுவுமே சேர்க்காத சைலேஜைவிட இது சீக்கிரம் சூடாவதும் உண்டு. நல்ல மணம் வருகிறதே என்று சந்தோஷப்பட்டுக் கையை உள்ளே விட்டால் சுடும்.

இரண்டாவது கூட்டத்தின் தலைவன் லாக்டோபேசில்லஸ் புக்னேரி. இது லாக்டிக் அமிலத்தையே கொஞ்சம் கொஞ்சமாக அசிட்டிக் அமிலமாக மாற்றும். ஈஸ்ட் அடங்கிவிடும், திறந்த பிறகும் தீவனம் நாள்கணக்கில் குளிர்ச்சியாகவே இருக்கும். இதற்கு இரண்டு விலை கொடுக்க வேண்டும். கொஞ்சம் கார்பன் வாயுவாகப் போய் எடை சற்றுக் குறையும். அதைவிடப் பெரியது காத்திருப்பு: முழுப் பலன் தெரிய 45 முதல் 60 நாள் ஆகும். மூன்றாவது வாரமே திறந்துவிடுகிறவர் இதை வாங்குவது வீண். வினிகர் வாசம் அடித்தால் மாடு குறைவாகத் தின்னும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. இந்த அளவு அசிட்டிக் அமிலத்தால் அப்படி நடப்பதாகச் சோதனைகளில் பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டும் கலந்த பாக்கெட்டும் கிடைக்கிறது. மக்காச்சோளத்துக்கு என் ஓட்டு அதற்குத்தான். எண்ணிக்கையைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கிராம் பொடியில் எத்தனை கோடி என்பது விளம்பரம். ஒரு கிராம் பசுந்தீவனத்தில் எத்தனை விழும் என்பதே கணக்கு. முதல் கூட்டத்துக்கு 1 லட்சம் வழக்கமான அளவு. புக்னேரிக்கு மக்காச்சோளத்தில் 4 லட்சம் வரை போவார்கள்.

பாக்டீரியாவுக்குப் போட்டியாக அமிலமும் இருக்கிறது. தீவனத்தில் நேராக அமிலம் கலந்து பிஎச்சை இறக்கும் முறைக்காகவும் ஃபின்லாந்தின் வேதியியலாளர் விர்டானெனுக்கு 1945-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இதற்கு உயிர் தேவையில்லை. ஈரம் மிஞ்சிய புல்லிலும் வேலை செய்யும். ஆனால் தோலையும் இயந்திரத்தையும் அரிக்கும். நான் கடைசியாகத்தான் அந்தப் பக்கம் போவேன்.

ஒன்றுமே சேர்க்காவிட்டால்? 30 முதல் 35 சதவீத உலர்பொருளில் (ஈரம் போக மிஞ்சும் பங்கு) வெட்டிய மக்காச்சோளம், பொடியாக நறுக்கி, இறுக்கி மிதித்து, காற்றுப் புகாமல் மூடியது என்றால் இலையில் இருக்கும் பாக்டீரியாவே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். மாறாக, நீர் சொட்டும் நேப்பியர் புல்லை அப்படியே திணித்துவிட்டு மேலே எந்தப் பாக்கெட்டைக் கொட்டினாலும் பியூட்டிரிக் அமில நாற்றம் வர வாய்ப்பு அதிகம். சர்க்கரை இல்லாத இடத்தில் பாக்டீரியா எதைத் தின்னும்? முதலில் வாடவிடுங்கள், இல்லாவிட்டால் மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) சேருங்கள்.

எதை வாங்கினாலும் கரைக்கும் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. கரைத்த தொட்டியை வெயிலில் விடவும் கூடாது; தண்ணீர் சூடேறினால் நீங்கள் தெளிப்பது செத்த பாக்டீரியாவைத்தான்.