“கிபுட்சில் நிரந்தரக் குடியேற்றம்” என்று காசு கேட்கிறார்களா? தோட்டத்தில் பேர் வெட்டுமுன் இதைப் படியுங்கள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் மறுபடியும் இந்தப் பேச்சு ஓடுகிறது. இஸ்ரேலில் கிபுட்ஸ் என்று கூட்டுப் பண்ணை இருக்கிறதாம். குடும்பத்தோடு போய் அங்கேயே இருந்துவிடலாமாம். வீடு, சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பண்ணை பார்த்துக்கொள்ளுமாம். இதை நம்பிக் காசு கட்டி ஏமாந்த குடும்பங்கள் நம் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கின்றன. கட்டிய காசைவிட, போகுமுன்பே தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டதுதான், அதாவது வேலையை விட்டுப் பதிவிலிருந்து நீங்கியதுதான், அவர்களை விழுத்தியது.

ஏஜென்ட் “நிரந்தரம்” என்ற சொல்லை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சேமலாப நிதியை (ஈ.பி.எஃப்.) ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும்தான் வழமையாக எடுக்கலாம். நாட்டை விட்டு நிரந்தரமாகக் குடிபெயர்வது அதற்கு ஒரு விதிவிலக்கு. ஆகவே “வேலையை விட்டுவிட்டு, சேமலாப நிதியை எடுக்கக் கே படிவம் போடுங்கள், பணிக்கொடையும் சேர்த்து என்னிடம் கட்டுங்கள்” என்பான். நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று பணிக்கொடை கணக்காகும். இருபது வருடம் மலை ஏறியவருக்கு அது 280 நாள் உழைப்பு. சேமலாப நிதிக்கோ தொழில் திணைக்களம் நிரந்தர வதிவிட விசாவைக் கேட்கும். அப்படி ஒரு விசாவே கையில் இருக்காது, விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ஆனால் தோட்ட நிர்வாகியான துரை ராஜினாமாவை ஏற்றுக்கொண்டிருப்பார். திரும்பிப் போய்க் கேட்டால் பேர்ப் பதிவில்லாத கைக்காசு வேலைதான் கிடைக்கும், பழைய சேவைக்காலம் சேராது. வீட்டில் ஒருத்தருக்கும் பேர் இல்லையென்றால் லயக் காம்பராவுக்கும் தொல்லை தொடங்கும்.

இனி கிபுட்ஸ். முதல் கிபுட்ஸான தெகானியா 1910இல் கலிலேயாக் கடலோரம் உருவானது. இன்று சுமார் 270 இருக்கின்றன. ஒரே சமையல், ஒரே பணப்பெட்டி என்று ஏஜென்ட் சொல்வது பழைய கதை. 1980களின் கடன் நெருக்கடிக்குப் பிறகு பெரும்பாலானவை மாறிவிட்டன. அவற்றில் அவரவர் சம்பளம் அவரவருக்கு. அங்கத்தவராக வேண்டுமானால் பரீட்சார்த்தமாகச் சில காலம் இருந்து, பிறகு அங்கத்தவர்கள் வாக்களித்துச் சேர்க்க வேண்டும். அந்த இடத்தை விற்க எந்த ஏஜென்டுக்கும் உரிமை கிடையாது. இஸ்ரேலில் குடியேறும் உரிமை 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி யூதர்களுக்கும் அவர்களின் நெருங்கிய குடும்பத்தாருக்கும் உரியது. தொண்டராகப் போவோருக்குச் சில மாதங்களும் கைச்செலவுக் காசும்தான்.

நம்மவருக்கு உண்மையில் திறந்திருப்பது விவசாயத் தொழிலாளி விசா. அதிகபட்சம் 63 மாதம். மனைவி பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. வேலையும் பெரும்பாலும் கிபுட்ஸில் அல்ல, தனித்தனிக் குடும்பங்கள் பண்ணை வைத்திருக்கும் மோஷாவ்களில். இஸ்ரேலின் தெற்கே அரவாப் பள்ளத்தாக்கில் கோடையில் 40 பாகைக்கு மேல் கொதிக்கும். நுவரெலியாக் குளிரில் வளர்ந்த உடம்பு அதைத் தாங்குமா என்று யோசியுங்கள். காசாவை ஒட்டிய பண்ணைகளில் 2023 ஒக்டோபர் 7இல் தாய்லாந்துத் தொழிலாளர்கள் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் பணயக் கைதிகளானார்கள். இதை எந்த ஏஜென்டும் வாய் திறந்து சொல்வதில்லை.

விசா வந்துவிட்டது என்று காட்டினால் வகையைப் பாருங்கள். பி/1 என்றால் வேலை விசா. பி/2 என்றால் சுற்றுலா விசா, மூன்று மாதம் வரைதான், வேலை செய்யக்கூடாது. பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். ஏமாற்றுகிறவர்கள் கொடுப்பது பெரும்பாலும் பி/2தான், அதுவும் போட்டோப் பிரதியாக. கடவுச்சீட்டில் இருக்கும் மூலத்தைக் காட்டாதவரை நம்பாதீர்கள்.

காசு கேட்கும்போதே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து, அனுமதிப்பத்திர இலக்கத்தையும் அந்த வேலைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பற்றுச்சீட்டில் “கைமாற்று” என்றோ “ஆலோசனைக் கட்டணம்” என்றோ எழுதினால் வாங்காதீர்கள். பிறகு அது வெளிநாட்டு வேலைக்குக் கொடுத்த காசு என்று நிரூபிக்கப் பெரும்பாடு படவேண்டும். வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டீர்களென்றால் முதலில் அதைத் திருப்பிக் கேளுங்கள், மறுத்தால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். ராஜினாமாக் கடிதம் இன்னும் கணக்கப்பிள்ளையின் மேசையில்தான் இருக்கிறதென்றால், நாளைக் காலைப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூட்டிப் பேர் எடுப்பதற்கு) முன் போய் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.