குஞ்சத்தைக் கொளுத்திக் காட்டினால் நம்பாதீர்கள்

இன்ஸ்டாகிராமில் 'பியூர் கைத்தறிக் காட்டன்' என்று பார்த்துச் சேலை எடுப்பவர்களுக்காக எழுதுகிறேன். என்னை ஏமாற்றிய கடையின் பெயரைப் போடவில்லை. பெயரை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். வித்தையைத் தெரிந்து வைத்துக்கொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

போன வருடக் கடைசியில் பீரோவை ஒழித்தேன். ஜார்ஜெட், 'சாஃப்ட் சில்க்' என்ற பெயரில் வந்த பாலியஸ்டர், ஒரே ஒரு கல்யாணத்துக்குக் கட்டிய நெட் சேலை எல்லாம் வெளியே போயின. சென்னை வெயிலில் பஸ்ஸில் ஆபீஸ் போகிறவளுக்கு அதெல்லாம் தண்டனை. இனிமேல் எடுப்பது கொஞ்சமாக இருக்கட்டும், பருத்தியோ லினனோ மட்டும், விலை கூடினாலும் வருடக்கணக்கில் உழைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இந்த மாதிரி ஆட்களைத்தான் இந்தக் கடைகள் குறிவைக்கின்றன. நல்ல பொருள் என்றால் பேரம் பேசாமல் பணம் போடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கடையின் பக்கம் முழுக்கத் தறிச் சத்தத்தோடு ரீல்கள், 'நெசவாளரிடமிருந்து நேரடியாக' என்ற வாசகம். அதைவிட, ஒரு நெருப்புச் சோதனை வீடியோ. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்து லைட்டரில் காட்டுகிறார்கள். காகிதம் மாதிரி எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பல் ஆகிறது. "பாருங்க சிஸ், ஹண்ட்ரட் பர்சன்ட் காட்டன்." இரண்டு காட்டன் சேலை, ஒரு 'லினன்', மொத்தம் 6,450 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன்.

கட்டிய முதல் நாளே ஏசி அறையில் சேலை காலோடு ஒட்டிக்கொண்டது. காட்டன் சூட்டில் இஸ்திரி போட்டால் மடிப்பு வாயில் பளபளவென்று ஒரு கோடு. துவைத்துக் கொடியில் போட்டால் நிழலிலேயே சீக்கிரம் காய்ந்துவிட்டது. பை உரசும் இடுப்புப் பக்கம் சின்னச் சின்ன உருண்டை பிடிக்க ஆரம்பித்தது. பருத்தி இப்படியெல்லாம் செய்யாதே என்று சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கும் சித்தப்பாவிடம் எடுத்துப் போனேன்.

அவர் குஞ்சத்தைத் தொடவே இல்லை. ரவிக்கைத் துணியின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி, குறுக்கே ஓடும் நூலை உருவினார். முறுக்கைப் பிரித்து இழுத்தார். பருத்தி என்றால் பஞ்சுப் பஞ்சாகப் பிரிந்து அறும். இது மீன்வலை நரம்பு மாதிரி வழவழவென்று நீண்டது. பற்ற வைத்ததும் சுருங்கி, உருகி, நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணியாக நின்றது. பிளாஸ்டிக் நாற்றம்.

"பாவுல ஒண்ணும் குத்தமில்ல கண்ணு. ஊடையிலதான் கைவரிசையக் காட்டிப்புட்டாங்க."

விஷயம் இதுதான். சேலையின் நீளவாக்கில் ஓடுவது பாவு. முந்தானை முனையில் தொங்கும் குஞ்சம் அந்தப் பாவு நூலின் மிச்சம். குறுக்கே போவது ஊடை. பாவைப் பருத்தியாக விட்டுவிட்டு ஊடையில் பாலியஸ்டரைப் போட்டால், குஞ்சத்தை எத்தனை முறை கொளுத்தினாலும் பருத்தி என்றுதான் காட்டும். ஆக, அந்த வீடியோ பொய்யே இல்லை! பாதிச் சேலையைப் பற்றிய உண்மை. கைத்தறியா என்று கேட்டேன். "இது நம்மூர்ப் பக்கத் தறியிலயே ஓடியிருக்கும்" என்று சிரித்தார். அதாவது, விசைத்தறி.

லினன் சேலையின் கதை இன்னும் எளிது. 'கசங்காத லினன்' என்று போட்டிருந்தார்கள். லினன் உட்கார்ந்து எழுந்தாலே கசங்கும். கசங்கவே இல்லை என்றால் வேறு ஏதோ கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். கடைக்காரர்கள் பாவும் ஊடையும் லினனாக இருப்பதை 'லினன் பை லினன்' என்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள். மூங்கில் துணி என்று விற்பதிலும் பெரும்பாலானவை மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து எடுத்த விஸ்கோஸ், அதாவது ரேயான்தான். இப்படி ரேயானை மூங்கில் என்று விற்றதற்காக 2022-இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் இரண்டு பெரிய கடைகள் மீது வழக்குப் போட்டது. இதில் நெருப்புச் சோதனையும் கைகொடுக்காது. விஸ்கோஸும் பருத்தி போலவே எரியும்.

கைத்தறி முத்திரையை வைத்தும் குழம்ப வேண்டாம். 2006-இல் வந்த அந்த முத்திரை கையால் நெய்தது என்பதற்குத்தான், என்ன நூல் என்பதற்கு அல்ல. சுத்தப் பட்டுக்கு சில்க் மார்க் தனியாக இருக்கிறது.

கடைக்கு எழுதினேன். "டியர் சிஸ், பார்சல் ஓபனிங் வீடியோ இல்லாம ரிட்டர்ன் கிடையாது. துவைச்சதுக்கு நாங்க பொறுப்பில்ல." அடுத்த மெசேஜ் போகவில்லை, பிளாக். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். முகவரி கேட்டார்கள். கூரியர் கவரில் ஒரு மொபைல் நம்பர் மட்டும். ஜிபேயில் வந்தது யாரோ ஒருவருடைய பெயர், கடையின் பெயர் அல்ல. புகார் பதிவானது, பணம் இன்னும் வரவில்லை.

அதனால் பணம் அனுப்பும் முன் 'பாவு என்ன நூல், ஊடை என்ன நூல்' என்று எழுத்தில் கேளுங்கள். ஜிஎஸ்டி இல்லாத சின்னக் கடை என்றாலும் முகவரியோடு, நூலின் பெயர் எழுதிய பில் தரலாம். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். சேலை கைக்கு வந்ததும் துவைக்காமல், ரவிக்கைத் துணியிலிருந்து பாவு நூலையும் ஊடை நூலையும் உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கையில் பிடிக்காதீர்கள், உருகிச் சொட்டினால் தோல் பொத்துவிடும். பெரிய தொகை என்றால் கோவையிலுள்ள சிட்ரா மாதிரி ஜவுளி ஆய்வகத்தில் கொடுக்கலாம். அமிலத்தில் பருத்தியைக் கரைத்து, மிஞ்சும் பாலியஸ்டரை எடைபோட்டு, எவ்வளவு கலப்பு என்று எழுதியே தருவார்கள்.

ஆர்டர் போடும்போதே அந்த ரீலையும் அதன் கீழுள்ள விவரத்தையும் ஸ்கிரீன் ரெக்கார்ட் எடுத்து வையுங்கள். நான் புகார் கொடுத்த பிறகு என் சேலை இருந்த ரீலை மட்டும் தூக்கிவிட்டார்கள்.