எரிமலையா, சிரட்டையா, பெட்டி சயின்ஸா: எல்.கே.ஜி. வகுப்பில் எது தேறியது?

போன வருஷம் ஜூனில் எங்கள் எல்.கே.ஜி.க்கு என்று 1,000 ரூபாய் ஒதுக்கினார்கள். "பிள்ளைங்களுக்கு சயின்ஸ் ஆக்டிவிட்டி ஏதாவது வாங்கிப் போடுங்க டீச்சர்" என்றார் கரஸ்பாண்டன்ட். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் சின்னப் பள்ளி. 22 பிள்ளைகள், மூன்றரையிலிருந்து நாலரை வயது. உதவிக்கு ஒரு அக்கா. கையில் பணம் வந்த வேகத்தில் 900 ரூபாயை ஆன்லைனில் ஒரு சயின்ஸ் பெட்டிக்குக் கொடுத்துவிட்டேன். மிச்ச 100 ரூபாயில் ஒரு பிளாஸ்டிக் பேசினும் பத்துப் பன்னிரண்டு இங்க் ஃபில்லரும் வந்தன. எது வருஷம் முழுக்க ஓடியது, எது அலமாரியில் தூங்கியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பார்க்கிற கணக்கு இரண்டுதான். வேலை செய்கிற கை யாருடையது, என்னுடையதா பிள்ளையுடையதா? முடிந்ததும் "ஒருக்கக் கூட டீச்சர்", அதாவது இன்னொரு தடவை என்று கேட்கிறதா, இல்லை ஜன்னலைப் பார்க்கத் திரும்பிவிடுகிறதா? மிதப்பு விசை புரிந்ததா, அமிலம் புரிந்ததா என்றெல்லாம் இந்த வயதில் கேட்பது வீண். கேட்டால் நாம் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தையே நமக்குத் திருப்பிச் சொல்லும்.

முதலில் பேசின். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர். திருநெல்வேலிக்காரரிடம் போய் "பிள்ளைங்க வெள்ளத்துல விளையாடுது" என்றால் பயந்துவிடுவார். முக்கால் பேசின் வெள்ளம், பக்கத்தில் ஒரு கூடையில் சிரட்டை (கொட்டாங்குச்சி), சிப்பி, கல், கார்க், ஸ்பூன், புளியங்கொட்டை, ஒரு ஆரஞ்சு. எது மிதக்கும், எது முங்கும் என்று போட்டுப் பார்க்க வேண்டியதுதான். ஆரஞ்சு மிதந்தது. தொலியை உரித்துப் போட்டேன், முங்கியது. தொலிக்குள் இருக்கிற காற்றுதான் காரணம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒருத்தி உரித்த தொலியை மட்டும் போட்டுப் பார்த்தாள். அது மிதந்தது. அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் கூடையில் ராஜா சிரட்டைதான். தேங்காயை உடைத்தால் ஒரு பாதியில் மூன்று கண் இருக்கும், மறு பாதியில் இருக்காது. கண்ணில்லாத சிரட்டை படகு மாதிரி மிதந்துகொண்டே இருந்தது. கண்ணுள்ளதில் ஒரு கண் திறந்திருந்ததால் அடியில் வெள்ளம் ஊறி ஊறி ஏறி, விளிம்பு வரைக்கும் வந்து, சட்டென்று போனது. "முங்கிட்டு! டீச்சர், முங்கிட்டு!" என்று ஒரே கூச்சல். எடுத்துக் கவிழ்த்து மறுபடி வைத்தார்கள். மறுபடி முங்கியது. ஒரு பையன் ஐந்தாறு தடவை பார்த்துவிட்டு, ஏழாவது தடவை அடியில் கையைக் கொடுத்துக் கண்ணை விரலால் அடைத்துக்கொண்டான். சிரட்டை நின்றது. விரலை எடுத்தான், முங்கியது. மறுபடி அடைத்தான். இதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் காலத்தில் நேரம் பார்க்க வைத்திருந்த நாழிகை வட்டிலும் இதே வேலைதான். அடியில் ஓட்டை போட்ட கிண்ணம் நீர் நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிஷம். எங்கள் சிரட்டைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் "சிரட்டை முங்குறதுக்குள்ள பையை எடுத்து மாட்டணும்" என்று ஒரு விளையாட்டு அதிலிருந்து கிளம்பி இன்றுவரை ஓடுகிறது.

ஊற்றுவது தனி விளையாட்டு. சின்ன ஜக்கிலிருந்து டம்ளருக்கு, டம்ளரிலிருந்து ஜக்குக்கு. 1939-ல் இந்தியா வந்து சென்னை அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் வழியில் நடக்கும் வகுப்புகளில் இது ஒரு பாடமாகவே இருக்கிறது. பார்க்க ஒன்றுமில்லாத வேலை. ஆனால் நெட்டை டம்ளரில் இருந்ததைக் குட்டைக் கிண்ணத்தில் ஊற்றினால் "குறஞ்சு போச்சு" என்று சொல்கிறார்கள் பாருங்கள், அந்தச் சண்டை அரை மணி நேரம் தாங்கும். இதில் குறை என்னவென்றால் சட்டை நனையும், தரை வழுக்கும், ஜூலை மழையில் எதுவும் காயாது. இன்னொன்று, பேசினில் ஒரு சாண் நீர்தானே என்று விட்டுவிட்டு நகரவே கூடாது. சின்னப் பிள்ளைக்கு அது போதும் ஆபத்துக்கு. விளையாட்டு முடிந்த கையோடு கவிழ்த்துவிட வேண்டும்.

இனி எரிமலை. எந்தப் பள்ளியின் சயின்ஸ் டே வீடியோவைத் திறந்தாலும் இதுதான். களிமண் மலை, நடுவில் ஆப்ப சோடா, மேலே சிவப்புச் சாயம் கலந்த வினிகர். நுரை பொங்கும், பெற்றோர் கைதட்டுவார்கள். சோடாவும் புளிப்பும் சேர்ந்து கரியமில வாயு கிளம்புகிறது, அவ்வளவுதான் விஷயம். நானும் செய்தேன். மலை கட்டியது அக்கா, ஊற்றியது நான், வேடிக்கை பார்த்தது 22 பேர். இருபது விநாடியில் முடிந்தது. "ஒருக்கக் கூட" என்று கேட்டார்கள்தான், ஆனால் கேட்டது என்னைச் செய்யச் சொல்லி. என் கணக்கில் இது பட்டாசு ஜாதி.

அதே சரக்கை வேறு மாதிரி வைத்தபோது கதை மாறியது. ஆளுக்கொரு தட்டு, தட்டில் ஆப்ப சோடாவை மாவு மாதிரி பரப்பி, சிரட்டையில் எலுமிச்சைச் சாறு, கையில் ஃபில்லர். ஒரு சொட்டு, ஒரு பொங்கல். இன்னொரு சொட்டு, இன்னொரு பொங்கல். காதைத் தட்டில் வைத்து "பேசுது" என்றாள் ஒருத்தி. உண்மைதான், உஸ்ஸென்று சத்தம் வரும். ஃபில்லரை அமுக்கி விடுகிற வேலை அந்தக் குட்டி விரல்களுக்கு நல்ல பயிற்சி, நாளைக்குப் பென்சில் பிடிக்க உதவும். கால் மணி நேரத்துக்கு மேலே எந்தச் சத்தமும் இல்லை, உஸ்ஸைத் தவிர. மேடைக்கு எரிமலை, வகுப்புக்குத் தட்டு. சாறு கண்ணில் பட்டால் எரியும், கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகிற பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

சாயத்துக்குக் கடைக்குப் போகவே வேண்டாம். மதில் மேல் படர்ந்து கிடக்கிற நீலச் சங்குப்பூவைப் பத்து எடுத்து வெந்நீரில் போட்டால் மையைப்போல நீலம் இறங்கும். ஆறியதும் எலுமிச்சை பிழிந்தால் ஊதா, இன்னும் பிழிந்தால் ரோஸ். ஆப்ப சோடா போட்டால் பச்சைப் பக்கம் போகும். மஞ்சள் தண்ணீரில் துணி சோப்பைத் தொட்டால் சிவக்கும். நம் வீடுகளில் ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைக்கிறார்களே, அதே ரசாயனம். பிள்ளைகள் கையில் சுண்ணாம்பு மட்டும் கொடுக்காதீர்கள், கண்ணுக்கு ஆகாது. சோப்பு போதும்.

மணலுக்கு வருவோம். நம் மாவட்டத்துக்காரருக்கு மணலைப் பற்றிப் பேச உரிமை உண்டு. கன்னியாகுமரிக் கடைகளில் பல நிற மணலைப் பொட்டலம் போட்டு விற்பார்கள். குமரி அம்மனின் கல்யாணம் நடக்காமல் போக, சமைக்காத அரிசியெல்லாம் மணலாகிப்போன கதையையும் சேர்த்துச் சொல்வார்கள். கறுப்பில் பெரும்பங்கு இல்மனைட் என்ற தாது, சிவப்பு கார்னெட். மணவாளக்குறிச்சியில் இந்திய அரிய மணல் ஆலை இவற்றையும் சிர்கான், ரூட்டைல், மோனசைட்டையும்தான் பிரித்தெடுக்கிறது. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய பெரிய காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அந்த மணலில் இழுத்தால் கறுப்பு மணிகள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். பைக்குள்ளிருந்து காந்தத்தை எடுத்ததும் மீசை உதிரும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இதை எல்.கே.ஜி.யில் நிரந்தர விளையாட்டாக வைக்க நான் தயாரில்லை. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அது கதிரியக்கத் தனிமம். கரையில் நடந்தாலோ உட்கார்ந்தாலோ யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் எதையும் வாயில் போட்டுப் பார்க்கிற வயதுக்கு அந்த மணலைத் தொட்டியில் கொட்டி தினமும் கொடுப்பானேன்? ஒரு மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் போட்டு, வெளியே காந்தத்தை ஓட்டிக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன். சின்னச் சின்னப் பொத்தான் காந்தம் கூடவே கூடாது. இரண்டை விழுங்கிவிட்டால் குடலில் ஒன்றையொன்று இழுத்து நடுவில் இருப்பதைக் கிழித்துவிடும்.

தொட்டிக்கு ஆற்றுமணல் போட்டோம். காய்ந்த மணல் புனலில் ஒழுகும், நனைந்தது ஒழுகாது. காய்ந்ததில் புட்டு நிற்காது, நனைந்ததில் நிற்கும். இந்த ஊரில் புட்டுக்குழலைக் கொடுத்தால் மணலில் என்ன செய்வதென்று யாரும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய்ப்பூவுக்குப் பதில் சிப்பித்தூள். வெள்ளத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். பூனை தொல்லையால் இரவில் மூடிவைக்க வேண்டியிருக்கிறது.

"அப்போ கடற்கரைக்கே கூட்டிட்டுப் போங்களேன்" என்று ஒரு பெற்றோர் கேட்டார். இரண்டு பெரியவர்கள், 22 குட்டிகள், நம் கடல். காற்றே இல்லாத வெயில் நாளில்கூட எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய அலை வந்து கரையேறும், கள்ளக்கடல் என்று சும்மாவா பேர் வைத்தார்கள். அம்மா அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போகட்டும், வகுப்பாக வேண்டாம்.

விதை முளைக்கவைப்பது பாடப்புத்தகத்துக்குப் பிடித்த செயல். கொத்தமல்லி போட்டு ஏமாந்தேன். ஒரு வாரத்துக்கு மேல் மண்ணையே பார்த்துக்கொண்டிருக்க நாலு வயதுக்குப் பொறுமை கிடையாது, இரண்டாம் நாளே ஒருவன் தோண்டிப் பார்த்துவிட்டான். சிறுபயறு சரி. இரவு ஊறப்போட்டு ஈரத்துணியில் கட்டினால் மறுநாளே வெள்ளை வால் எட்டிப் பார்க்கும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால் எறிந்துவிட்டு வேறு போடலாம், செலவு ஒரு கைப்பிடி. எண்ணவும் பிரிக்கவும் மஞ்சாடி மணி கொண்டுவரச் சொன்னபோது ஒரு வீட்டிலிருந்து குன்றிமணி கலந்து வந்தது. முழுச் சிவப்பு மஞ்சாடி, சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்தது குன்றிமணி. குன்றிமணி கொடிய விஷம். அன்றைக்கு ஒவ்வொன்றாகப் பொறுக்கி முடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்கப்புறம் புளியங்கொட்டைதான். அதுவும் என் கண் முன்னால்.

ஆரல்வாய்மொழிக் காற்றில் காற்றாலைகள் சுற்றுவதைப் பஸ்ஸில் பார்த்த பிள்ளைகளுக்குப் பனையோலைக் காத்தாடி பிடிக்கும். ஓலை மடிப்பது நம் வேலை, ஓடுவது அவர்கள் வேலை. ஓடாமல் நின்றால் சுற்றாது என்பதை ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

கடைசியாக அந்த 900 ரூபாய்ப் பெட்டி. மேலே இரண்டு பிள்ளைகள் சிரிக்கிற படம், "3 வயது முதல்" என்ற வரி. உள்ளே இருந்த தாளில் பொடி எழுத்தில் 6 வயது என்று இருந்தது. நாலு சோதனைக்குழாய், சாயப் பொட்டலம், லென்ஸ் ஒன்று, பொத்தான் பேட்டரியில் எரிகிற விளக்கு, ஊறவைத்தால் பெரிதாகிற வண்ண மணிகள். கடைசி இரண்டையும் அன்றைக்கே எடுத்து ஒதுக்கினேன். அந்த மணிகள் தண்ணீரில் பல மடங்கு ஊதும். விழுங்கினால் குடலுக்குள்ளும் ஊதி அடைத்துவிடும், எக்ஸ்ரேயிலும் லேசில் தெரியாது. பொத்தான் பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். விற்றவர்களுக்கு எழுதினேன். ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி பதில் வந்தது.

மிச்சமிருந்த நாலு குழாய்க்கு 22 பேர் வரிசையில் நின்றால் விளையாட்டு வரிசைதான், சயின்ஸ் இல்லை. வீட்டில் ஒரே பிள்ளை, ஆறேழு வயது, பக்கத்தில் உட்கார அப்பாவுக்கு நேரம் என்றால் இந்த மாதிரிப் பெட்டி மோசமில்லை. குப்பைப் பொருளில் பொம்மை செய்து காட்டி 2018-ல் பத்மஸ்ரீ வாங்கிய அரவிந்த் குப்தாவின் பொம்மைகள் அதைவிட மேல், செலவும் இல்லை. ஆனால் அவற்றையும் வெட்டி ஒட்டுவதற்குப் பெரிய பிள்ளைகளின் கை வேண்டும். எல்.கே.ஜி.க்கு நாம் செய்துகொடுத்து அவர்கள் ஆட்டிப் பார்க்கலாம்.

பெட்டியிலிருந்து பிழைத்தது லென்ஸ் மட்டும். கயிறு கட்டி ஆணியில் மாட்டியிருக்கிறேன். எறும்பு, நகம், சங்குப்பூ, பக்கத்துப் பிள்ளையின் காது என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது.

இந்த ஜூனிலும் 1,000 ரூபாய் வரும் என்கிறார்கள். இன்னும் மூன்று பேசின், ஆளுக்கொரு ஃபில்லர், ஒரு புட்டுக்குழல், லென்ஸ் நாலு. மீதியில் துண்டு வாங்க வேண்டும். போன வருஷம் என் வீட்டுத் துண்டு நாலும் அந்தப் பேசினுக்கே போய்ச் சேர்ந்தன.