பேட்டரிக் கட்டையிலிருந்து சாயநீர்த் தூள்: ஒரு மாதம் பயன்படுத்திய பின்

பருத்திப் புடவைகளுக்குச் சாயமேற்றும் எங்கள் சிறு பட்டறையில், அலசல் தண்ணீரின் நிறத்தை நீக்கி அதையே மறுபடியும் அலசுவதற்குப் பயன்படுத்த முடியுமா என்று நெடுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். தீர்ந்துபோன டார்ச் பேட்டரிக் கட்டைகளிலிருந்து எடுத்த துத்தநாக ஆக்சைடால் செய்த ஒளிவினையூக்கித் தூள் (வெளிச்சம் பட்டால் வேதிவினையைத் தூண்டும் தூள்) என்று ஒரு சிறு நிறுவனம் விற்பதை அறிந்து, அரைக் கிலோ வாங்கினோம்.

இதன் வேதியியலில் புரட்டு இல்லை. சாதாரணக் கட்டையின் வெளிக்கூடே துத்தநாகத் தகடுதான். உள்ளே கரிக்குச்சியும், அதைச் சுற்றி மாங்கனீசு டை ஆக்சைடும் கரித்தூளும் கலந்த கருப்பு மாவும் இருக்கும். அத்துத்தநாகத்தைப் பிரித்து ஆக்சைடாக்கி நீரில் இட்டால், வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டு, ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் என்னும் வேகமாக வினைபுரியும் துகள்கள் முதலானவை உருவாகிச் சாய மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன. 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடைக் கொண்டு ஒளியால் நீரைப் பிளந்து காட்டிய பிறகு விரிந்த துறை இது.

ஆனால் துத்தநாக ஆக்சைடு வெள்ளை நிறம். எங்களுக்கு வந்த தூளோ சாம்பல் நிறம். அந்த ஐயத்தால் ஒரே நீலத் தண்ணீரை மூன்று வாளிகளில் எடுத்து, ஒன்றைத் தூளிட்டு வெயிலிலும், ஒன்றைத் தூளிட்டு இருட்டறையிலும், ஒன்றைத் தூளில்லாமல் வெயிலிலும் வைத்தோம். மாலைக்குள் முதல் வாளி ஏறக்குறைய தெளிந்தது, மூன்றாவது மாறவே இல்லை. இருட்டிலிருந்த இரண்டாவதும் பாதியளவு வெளுத்திருந்தது. சரியாகப் பிரிக்கப்படாத கரியும் மாங்கனீசும் சாயத்தைத் தம்மீது ஈர்த்துக்கொண்டன என்றே கருதுகிறேன். அவ்வாறு ஈர்க்கப்பட்ட சாயம் அழிந்துவிடுவதில்லை, தூளோடு சேர்ந்து கழிவாகிறது. விற்பவரோ முழுப் பலனையும் வெயிலின் கணக்கில் எழுதிவிடுகிறார்.

அடர் சாயநீரில் இது தோற்றது. வெயிலில் புற ஊதாக் கதிரின் பங்கு ஏறத்தாழ இருபதில் ஒன்றுதான். அதுவும் கருநீலத் தண்ணீருக்குள் ஆழமாக இறங்குவதில்லை. வாளியை விட்டுவிட்டு, நான்கு விரல் ஆழமுள்ள அகலத் தொட்டிக்கு மாற்றி, அடிக்கடி கலக்கிவிட்டபோது பலன் நன்றாகக் கூடியது. விற்பவர் இதை உறையில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

பெரிய குறை வேறு. துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். பருத்தி இழையோடு வேதிமுறையில் பிணையும் ரியாக்டிவ் சாயத்துக்குச் சோடா ஆஷ் என்னும் காரத்தை இடும் எங்களைப் போன்றவர்கள் முதலில் காரத்தைத் தணித்தாக வேண்டும் என்பது உறையில் இல்லை. தூள் கரைந்தால் துத்தநாகம் தண்ணீரில் சேர்ந்துவிடும்; உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் அது லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. பழைய கட்டைத் தகட்டில் சிறிதளவு ஈயமும் காட்மியமும் இருக்கக்கூடும் என்பதால் விற்பவரிடம் ஆய்வறிக்கை கேட்டேன், இன்னும் வரவில்லை.

நிறம் போனாலும் சாயத்துக்கு இட்ட உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. தெளிந்த தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சலாம் என்று எங்கள் வீட்டிலேயே ஒருவர் சொன்னார், தடுத்துவிட்டேன்.

ஆய்வறிக்கையோடு வெள்ளைத் தூளாகக் கிடைத்தால் மறுபடியும் வாங்குவேன். இருப்பதை, முதல் அலசல் நீரில் வீணாக்காமல், நிறமும் உப்பும் குறைந்த கடைசி அலசல் நீருக்கு மட்டும் இட்டு வருகிறோம்.